குட்டியை முட்டித் தள்ளும் ஆடு: தாய் விலங்கு எப்படி முடிவெடுக்கிறது?

நாங்குநேரிப் பக்கம் ஆடு வளர்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய கன்னி இன ஆடு தலையீத்தில், அதாவது முதல் பிரசவத்தில், இரண்டு குட்டி போட்டது. ஒன்றை நக்கிக்கொடுத்துப் பால் ஊட்டுகிறது. மற்றது கிட்டே வந்தாலே முட்டித் தள்ளுகிறது. "பெற்ற குட்டியை வேண்டாம் என்று அதுவே முடிவு செய்கிறதா, இல்லை எல்லாம் ஹார்மோன்தானா? தாயான பிறகு விலங்கின் புத்தி மாறுமா? அதுக்குத் தெரிஞ்சுதான் இதையெல்லாம் செய்யுதா?" இதுதான் கேள்வி.

தம்பி, இரண்டும்தான் என்று ஒரே வரியில் சொன்னால் நழுவுகிறேன் என்று நினைப்பீர்கள். அதனால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

விலங்கியலில் முடிவு என்றால் உட்கார்ந்து யோசித்துத் தீர்ப்புச் சொல்வது இல்லை. இரண்டு வழி திறந்திருக்கும்போது, நிலைமையைப் பொறுத்து ஒன்றில் போவது. மேய்ச்சலைத் தொடர்வதா, குட்டியிடம் திரும்புவதா? நாய் வருகிறது, ஓடுவதா, நிற்பதா? ஒவ்வொரு முறையும் பசி, பயம், களைப்பு எல்லாம் ஒரு தராசில் ஏறுகின்றன. சினையும் ஈத்தும் அந்தத் தட்டில் கூடுதலாக ஒரு கல்லை வைப்பதோடு நிற்பதில்லை. தராசையே கழற்றி வேறொன்றை மாட்டிவிடுகின்றன. நேற்று வரை பிடிக்காதது இன்று பிடிக்கும், நேற்று வரை பயந்தது இன்று பயமாகத் தெரியாது. "பாவம், குட்டிக்காகத் தன் ஆசையை அடக்கிக்கொள்கிறது" என்று நாம் நினைக்கும் பல இடங்களில் அடக்க வேண்டிய ஆசையே அங்கே இருப்பதில்லை.

உங்கள் ஆட்டையே எடுத்துக்கொள்வோம். ஈனப்போகும் வெள்ளாடு நேரம் நெருங்க நெருங்க மந்தையை விட்டு விலகும். உடைமர நிழலிலோ தொழுவத்து மூலையிலோ ஒதுங்கி, முன்னங்காலால் தரையைப் பறிக்கும், படுக்கும், எழும்பும், தன் பின்பக்கத்தைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும். பனிக்குடம் உடைந்ததும் தரையில் சிந்திய நீரை மோந்து பார்த்து நக்க ஆரம்பிக்கும். அந்த நக்குதல்தான் முக்கியம். செம்மறி ஆடுகளிடம் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சினையில்லாத ஆடு பனிக்குட நீரின் வாடை பட்ட தீவனத்தைத் தொடாது. சினை ஆடும் அப்படித்தான். ஈனும் நேரம் வந்ததும் அதே வாடை அதைப் பிடித்து இழுக்கிறது. வாடை மாறவில்லை, அதை வாங்கிக்கொள்ளும் மூளை மாறியிருக்கிறது. அந்த ஈரத்தோடு வந்து விழும் குட்டியை நக்கித் துவட்டுவது அப்போது அதற்கு வேலையாகத் தெரியாது, ருசியாகவே இருக்கும்.

எது இப்படி மாற்றுகிறது? சினைக்காலம் முழுக்க ஓங்கியிருந்த புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் கடைசியில் இறங்குகிறது, ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஏறுகிறது. இவை தயார்ப்படுத்துகின்றன, அவ்வளவுதான். கடைசித் தூண்டலைக் கொடுப்பது குட்டியே. அது கருப்பை வாயை விரித்துக்கொண்டு வெளியே வரும்போது நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி போகிறது, மூளைக்குள்ளேயே ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. 1983-ல் எரிக் கெவர்னும் அவரோடு வேலை செய்தவர்களும் ஒரு காரியம் செய்தார்கள். சினையே ஆகாத செம்மறி ஆடுகளுக்கு ஹார்மோன் கொடுத்துத் தயார்ப்படுத்தி, அந்த விரிவை மட்டும் செயற்கையாக உண்டாக்கினார்கள். சில நிமிடங்களுக்குள் அவை முன்பின் பார்த்திராத குட்டிகளை நக்கி, தாய் மாதிரியே கனைத்தன. பிறகு வேறு ஆராய்ச்சியில் இதைத் தலைகீழாகவும் பார்த்தார்கள். முதுகுத்தண்டில் மருந்து செலுத்தி அந்த நரம்புச் செய்தியை மரத்துப்போக வைத்தபோது தாய்மை நடத்தை குலைந்தது. தலையீத்து ஆடுகளில் அது மிக மோசமாகக் குலைந்தது. பழகிய ஆடுகள் ஓரளவு சமாளித்துக்கொண்டன.

அடுத்தது வாடையை மனசில் பதிப்பது. குட்டி விழுந்த முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் தாய் ஆடு தன் குட்டியின் வாடையைப் பதித்துக்கொள்கிறது. அதற்கப்புறம் வேறு வாடையோடு வரும் எந்தக் குட்டிக்கும் மடி கிடையாது. வெள்ளாட்டில் இது இன்னும் வேகம். 1964-ல் பீட்டர் கிளாப்ஃபர் குழு காட்டியது: குட்டி பிறந்ததும் தாயோடு வெறும் 5 நிமிடம் விட்டாலே போதும், பிறகு சில மணி நேரம் பிரித்து வைத்துக் கொண்டுவந்தாலும் ஏற்றுக்கொள்ளும். அந்த 5 நிமிடமும் கொடுக்காமல் பிரித்தால் பெரும்பாலும் முட்டித் தள்ளிவிடும். கிட்டத்தட்ட 15 ஆண்டு கழித்து டேவிட் குபர்னிக் இதில் ஒரு திருத்தம் சொன்னார். தாய் வாடையைக் கற்றுக்கொள்வது மட்டுமில்லை, நக்கியும் பால் கொடுத்தும் குட்டியின் மேல் தன் அடையாளத்தையே பூசிவிடுகிறது என்றார். வேறொரு தாய் நக்கிய குட்டியை அது தள்ளுகிறது; யாரும் நக்காத குட்டியாக இருந்தால் அந்நியக் குட்டியைக்கூட ஏற்றுக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. நம் ஊர்த் தொழுவத்தில் ஒரே இரவில் இரண்டு மூன்று ஆடு ஈன்றால் வரும் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் இதுதான்.

ஏன் இவ்வளவு கறார்? மந்தையில் எல்லாம் ஏறக்குறைய ஒரே பருவத்தில் ஈனும். குட்டிகள் பிறந்த சில மணி நேரத்திலேயே எழுந்து நடமாடும். யார் வந்தாலும் பால் என்று நின்றால் சொந்தக் குட்டி பட்டினி கிடக்கும். எலியைப் பாருங்கள், அதற்கு இந்தத் தொந்தரவே இல்லை. அதன் குஞ்சுகள் கண் திறக்காமல் வளையிலேயே கிடக்கும், ஆகவே வளைக்குள் இருப்பதெல்லாம் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டால் போதும். ஆராய்ச்சிக்கூடத்தில் வேறு எலியின் குஞ்சைப் போட்டாலும் தாய் எலி வாயில் கவ்வித் தன் கூட்டுக்குக் கொண்டு போய்விடும். ஆட்டின் கறாரும் எலியின் தாராளமும் அதது வாழும் முறையிலிருந்து வந்தவை. ஒன்று நல்ல தாய், இன்னொன்று கெட்ட தாய் என்றில்லை.

இப்போது உங்கள் இரண்டாவது குட்டி. கன்னி ஆட்டில் இரட்டைக்குட்டி சகஜம்தான், ஆனால் தலையீத்தில் தாய்க்கும் அது புதுசு. முதல் குட்டியை நக்கிக்கொண்டிருக்கும்போதே அடுத்தது விழுந்திருக்கும். அதை நக்க நேரம் போதாமல் போயிருக்கலாம். இல்லை, நல்ல எண்ணத்தில் வீட்டில் யாராவது அதைத் தூக்கித் துடைத்து, சாக்கில் சுற்றி வைத்திருக்கலாம். வாடை போயிற்று, பதிய வேண்டிய நேரமும் போயிற்று. சினையில் தீனி குறைந்து மெலிந்த ஆடும் இப்படிச் செய்யும்.

முதலில் மடியைப் பாருங்கள். வீக்கம், சூடு, காம்பில் புண் இருந்தால் ஆடு வலியில் தள்ளுகிறது, அதற்கு மருத்துவரைக் கூப்பிட வேண்டும். மடி நன்றாக இருந்தால் தாயையும் இரண்டு குட்டிகளையும் மட்டும் ஒரு சின்ன அடைப்பில் விடுங்கள். நாளைக்குப் பல தடவை தாயைப் பிடித்து நிறுத்தி அந்தக் குட்டியை ஊட்ட விடுங்கள். அதன் பால் குட்டியின் வயிற்றுக்குள் போகப் போக வாடை ஒத்துவரும், சில நாளில் பல ஆடுகள் வழிக்கு வந்துவிடும். அடுத்த ஈத்துக்கு ஒன்று ஞாபகம் வையுங்கள்: குட்டியைத் துடைக்காதீர்கள், தாயே நக்கட்டும். மூக்கிலும் வாயிலும் அடைத்த சளியை மட்டும் எடுத்துவிட்டால் போதும். சீம்பால் முதல் சில மணி நேரத்திலேயே உள்ளே போக வேண்டும். முதல் 24 மணி நேரத்தில் குட்டியின் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது கணக்கு. தாய் கொடுக்காவிட்டால் கறந்தாவது புகட்டுங்கள்.

செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் இதில் ஒரு வித்தியாசம் உண்டு. செம்மறிக் குட்டி பிறந்ததிலிருந்து தாயின் பின்னாலேயே ஓடும். வெள்ளாடு முதல் சில நாள் குட்டியை ஒரு மறைவில் படுக்கவிட்டு மேயப் போய், நேரத்துக்கு வந்து பால் கொடுத்துவிட்டுத் திரும்பும். குட்டியைக் கொடாப்பு என்ற பெரிய கூடைக்குள் கவிழ்த்துவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போகிறோமே, வெள்ளாட்டுக்கு அது சொந்த வழக்கத்துக்கு ஒத்த காரியம்தான். செம்மறிதான் கத்தித் தீர்க்கும்.

ஆட்டை விட்டுக் கோழிக்கு வருவோம். தராசு மாறுகிறது என்று சொன்னதற்கு அடைக்கோழியைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. நாட்டுக்கோழி ஒரு ஈடு முட்டையிட்டு முடித்ததும் அடைக்கு உட்காரக் கேற ஆரம்பிக்கும். அதன் அடிவயிற்றில் முட்டை படப்படப் புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறும், முட்டையிடுவது நிற்கும். முட்டையை அப்போதைக்கப்போது எடுத்துவந்தால் அடை தள்ளிப்போகிறது என்பது வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த விஷயம். கேறும் கோழியைத் தண்ணீரில் முக்கி எடுப்பதும், மூக்கில் இறகைச் செருகுவதும் அடையைத் தெளியவைக்கத்தான். இறகு செருகுவது எனக்குப் பிடிக்காத வேலை. இரண்டு நாள் காற்றோட்டமான கூண்டில், கூடு கட்ட இடமில்லாமல் வைத்தாலே தெளிந்துவிடும்.

அடையில் இருக்கும் 21 நாளும் கோழி சரியாகத் தின்னாது. நாளில் கொஞ்ச நேரம் இறங்கி, அவசர அவசரமாகப் பொறுக்கிவிட்டு ஓடிவந்து உட்கார்ந்துகொள்ளும். முட்டை ஆறிவிடுமே என்று பசியைப் பொறுத்துக்கொள்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். 1980-ல் டேவிட் ஷெரி, நிக்கலஸ் ம்ரோசோவ்ஸ்கி, ஜெர்ரி ஹோகன் மூவரும் நாட்டுக்கோழியின் மூதாதையான செங்காட்டுக்கோழியிடம் இதைச் சோதித்தார்கள். தீனியைக் கூட்டின் பக்கத்திலேயே வைத்தார்கள். எழும்பாமலே தின்னலாம், ஆனாலும் கோழி தின்னவில்லை, எடை இறங்கிக்கொண்டே போனது. சில நாள் தீனியை அடியோடு நிறுத்தி, எடையை இன்னும் இறக்கிவிட்டுப் பிறகு கொடுத்தார்கள். இப்போது தின்றது. எதுவரை? அடையின் அந்த நாளில் இருக்க வேண்டிய குறைந்த எடைக்கு வந்ததும் நிறுத்திவிட்டது. உடம்பு எந்த எடையைச் சரி என்று வைத்திருக்கிறதோ அந்த எடையே கீழே இறங்கியிருக்கிறது. அந்த எடைக்குப் பசி இல்லை, அவ்வளவுதான். இதைத் தியாகம் என்று பாடுவதில் எனக்கு உடன்பாடு கிடையாது. தியாகத்துக்கு இழப்பு தெரிய வேண்டும்.

எலிகளை வைத்துச் செய்த ஆராய்ச்சி இன்னும் உள்ளே போகிறது. குட்டி போடாத பெண் எலிக்குக் குஞ்சைக் கண்டால் ஆகாது, ஒதுங்கும், சமயத்தில் கடிக்கவும் செய்யும். அதே எலியோடு குஞ்சுகளை ஏறக்குறைய ஒரு வாரம் வைத்திருந்தால், சினையே ஆகாமல், அது குஞ்சைக் கவ்வி எடுத்து அணைக்கத் தொடங்குகிறது. 1967-ல் ஜே ரோசன்பிளாட் இதை எழுதினார். ஹார்மோன் இல்லாமலும் தாய்மை வரும், ஹார்மோன் அதைச் சீக்கிரம் வரவைக்கிறது என்பது அதன் பொருள். இன்னொரு சோதனையில் தாய் எலிக்கு இரண்டு அறை. ஒன்று குஞ்சுகளோடு பழகிய அறை, மற்றது கொக்கைன் கொடுத்துப் பழக்கிய அறை. ஈன்று 8-ம் நாள் பெரும்பாலான எலிகள் குஞ்சு அறைக்குப் போயின. 16-ம் நாள் போதை அறைக்கு. 2001-ல் வந்த இந்த ஆராய்ச்சியில் எனக்குப் பிடித்தது அந்த 16-ம் நாள்தான். குஞ்சுக்கு ரோமம் முளைத்து, கண் திறந்து, தானே நகரத் தொடங்கும் காலம் அது. தாயின் ஆசையும் அதற்கேற்பத் தணிகிறது. வைத்த இடத்திலேயே நிற்காமல், குஞ்சின் தேவை குறையக் குறையத் தராசும் திரும்புகிறது.

தாய் எலிகள் வேட்டையிலும் கெட்டி. கிரெய்க் கின்ஸ்லியும் கெல்லி லாம்பர்ட்டும் 1999-லிருந்து காட்டிவந்தார்கள்: குட்டி போட்ட எலிகள் சுற்றுப்பாதைகளில் தீனி இருந்த இடத்தை நன்றாக நினைவு வைக்கின்றன, ஒளிந்திருக்கும் வெட்டுக்கிளி வகைப் பூச்சியைக் குட்டி போடாதவற்றைவிடப் பல மடங்கு வேகமாகப் பிடிக்கின்றன, திறந்த வெளியில் குறைவாகவே பயப்படுகின்றன. இதைப் படித்துவிட்டுப் பெண்களுக்குப் பாடம் எடுக்கக் கிளம்பும் ஆட்களை நம்ப வேண்டாம். எலி எலிதான்.

இதுவரை சொன்னது இந்தக் குட்டிக்காகத் தாய் எப்படி மாறுகிறது என்பது. அதைவிடக் கடினமான கணக்கு ஒன்று இருக்கிறது: இந்தக் குட்டியா, அடுத்த குட்டியா? தாயிடம் இருக்கும் தெம்பு ஒரு அளவுதான். இப்போது கொட்டித் தீர்த்தால் அடுத்த வருஷத்துக்கு இருக்காது. ஸ்காட்லாந்தின் ரம் தீவில் சிவப்பு மான்களைப் பல தலைமுறையாகக் கவனித்து வருகிறார்கள். ஒரு வருஷம் குட்டிக்குப் பால் கொடுத்து வளர்த்த பெண்மான் அடுத்த வருஷம் ஈனுவது குறைகிறது. நெதர்லாந்தில் கெஸ்ட்ரல் என்ற சிறிய வல்லூறுகளின் கூட்டில் கூடுதலாக 2 குஞ்சு வைத்துப் பார்த்தார்கள். பெற்றோர் வளர்த்துவிட்டன. ஆனால் அடுத்த குளிர்காலம் முடிவதற்குள் அவற்றில் 60 சதவீதம் இறந்துபோயின. குஞ்சை மாற்றாமல் அல்லது குறைத்துவிட்ட கூடுகளின் பெற்றோரில் அது 29 சதவீதம். 1996-ல் வெளிவந்த கணக்கு இது.

இதை நம் கண்ணாலேயே பார்க்க வேண்டுமென்றால் நாங்குநேரிப் பக்கத்துக் கூந்தன்குளத்துக்குப் போங்கள். 1994-ல் பறவைகள் சரணாலயம் ஆக்கினார்கள், ஆனால் அதற்கு முன்பிருந்தே ஊர்க்காரர்கள் வெடி வெடிக்காமல் பறவைகளைக் காத்துவருகிறார்கள். மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் குளத்துக்குள் நிற்கும் கருவேல மரங்களிலும், ஊருக்குள் வீட்டுப் பக்கத்து மரங்களிலும் கூடு கட்டும். வடகிழக்கு மழை நன்றாகப் பெய்து, மணிமுத்தாறு கால்வாய்த் தண்ணீரும் வந்து குளம் நிறைந்தால் மரமெல்லாம் வெள்ளையாகும். குளம் வறண்ட வருஷத்தில் கூடு கட்டுவது குறைந்துபோகும், சில வருஷம் கட்டாமலே விட்டுவிடும். அந்தக் கட்டாமல் விடுவதும் ஒரு முடிவுதான். மீன் இல்லாத குளத்தில் முட்டையிட்டு உடம்பைக் கரைப்பதைவிட அடுத்த மழைக்குக் காத்திருப்பது, நீண்ட ஆயுளுள்ள பறவைக்குக் கட்டுப்படியாகும் வழி. நடுமதிய வெயிலில் ஒரு கூட்டைக் கவனித்தால் தாயோ தகப்பனோ சூரியனுக்கு முதுகு காட்டி, சிறகை விரித்து நிற்கும். நிழலில் குஞ்சுகள் ஒடுங்கிக் கிடக்கும். அந்தக் குஞ்சுகளில் ஒன்று பெரிசு, ஒன்று நடுத்தரம், ஒன்று சோப்ளாங்கி.

சோப்ளாங்கி வந்தது தற்செயல் இல்லை. எல்லா முட்டையும் இட்டு முடிக்கும்வரை பொறுக்காமல் முன்னாலேயே அடையில் உட்கார்ந்துவிடுவதால் குஞ்சுகள் நாள் தள்ளித் தள்ளிப் பொரிக்கின்றன. மீன் நிறையக் கிடைத்தால் மூன்றும் பிழைக்கும். கிடைக்காவிட்டால் கடைசியது சாகும், மற்ற இரண்டும் தேறும். எல்லாம் ஒரே அளவாக இருந்தால் பஞ்சத்தில் மூன்றும் சேர்ந்து சாகலாம். பறவைகள் முட்டையின் எண்ணிக்கையை எப்படி வைத்துக்கொள்கின்றன என்று 1940-களிலேயே எழுதிய டேவிட் லாக் இந்த விளக்கத்தையும் தந்தார். நம் வயலில் மாட்டின் பின்னால் நடக்கும் உண்ணிக்கொக்கு இன்னும் ஒரு படி மேலே போகிறது. முதலில் இடும் முட்டைகளின் மஞ்சள்கருவில் ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோனைக் கூடுதலாக வைக்கிறது, கடைசி முட்டையில் குறைவு. மூத்தது முரடாகப் பிறக்கிறது. கேனரிப் பறவை இதற்கு நேர் எதிர். பிந்தி இடும் முட்டைக்கே அதிகம் கொடுத்துக் கடைக்குட்டியைத் தூக்கிவிடுகிறது. 1990-களில் ஹூபர்ட் ஷ்வாபல் இரண்டையும் கண்டறிந்தார். பாரபட்சம் முட்டைக்குள்ளேயே எழுதப்படுகிறது.

குட்டி இதற்குச் சும்மா ஒத்துக்கொள்ளாது. ஆடு பால் மறக்கடிக்கும் காலத்தில் குட்டி மடியில் முட்டுவதும், தாய் காலை உதறி நகர்வதும் தினமும் பார்ப்பதுதான். தாய்க்கு இந்தக் குட்டியும் இனி வரும் குட்டியும் ஒரே அளவு சொந்தம். இந்தக் குட்டிக்கு மட்டும் தான்தான் முக்கியம். 1974-ல் ராபர்ட் டிரைவர்ஸ் இந்த இழுபறியைக் கோட்பாடாகவே எழுதினார்.

ஆணா பெண்ணா என்பதிலும் சில தாய்கள் கைவைக்கின்றன. ஆலம்பழத்தைப் பிட்டால் உள்ளே பொடிக் குளவிகள் இருக்குமே, அதில் தாய்க்குளவி கருவுற்ற முட்டையிட்டால் மகள், கருவுறாத முட்டையிட்டால் மகன். ஒரு காய்க்குள் தான் ஒருத்தி மட்டும் நுழைந்திருந்தால் கொஞ்சம் மகன்கள் போதும், ஏனென்றால் அவர்கள் இணைசேர்வது உள்ளேயே சகோதரிகளோடு. வேறு தாய்களும் நுழைந்திருந்தால் மகன்களைக் கூட்டுகிறது. 1967-ல் வில்லியம் ஹாமில்டன் கணக்குப் போட்டுச் சொன்னது பிறகு அத்தி இனக் குளவிகளில் சரியாக இருந்தது. சேஷல்ஸ் தீவுக் கதிர்க்குருவியில் மகள்கள் வீட்டோடு இருந்து அடுத்த குஞ்சுகளை வளர்க்க உதவும். தீனி நிறைந்த இடத்தில் அது லாபம், வறண்ட இடத்தில் கூடுதல் வாய். வறண்ட இடத்துத் தாய்கள் 77 சதவீதம் மகன்களையும், வளமான இடத்துத் தாய்கள் 13 சதவீதம் மட்டும் மகன்களையும் பெற்றதாக 1997-ல் யான் கோம்டர் எழுதினார். எப்படிச் சாதிக்கிறது என்பது வேறு பெரிய கதை.

இடம் தேர்வதில் பயம் பெரிய பங்கு வகிக்கிறது. களக்காடு முண்டந்துறை மலைகளின் உச்சிப் புல்வெளியில் வரையாடுகள் உண்டு. அகத்தியமலைப் பக்கம் ஒரு முகட்டுக்கே வரையாட்டுமொட்டை என்று பெயர். பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில், ஒரே ஒரு குட்டி. குட்டியோடு இருக்கும் தாய் செங்குத்துப் பாறையை ஒட்டியே இருக்கும், சந்தேகம் வந்தால் ஒரே பாய்ச்சலில் பாறைக்குப் போய்விடலாம். கனடாவின் மலைச் செம்மறிகளில் மார்க்கோ ஃபெஸ்டா பியாங்கெட் இதை அளந்தார். சினை ஆடுகள் வசந்தத்தில் நல்ல புல் இருக்கும் அடிவாரத்தை விட்டுவிட்டு, புல் மட்டமான உயரமான பாறைப் பகுதிக்கு முன்கூட்டியே போய்விடுகின்றன. வயிற்றுக்கு நஷ்டம், குட்டிக்குப் பத்திரம்.

குளத்து உள்வாயில் ஆள்காட்டிக் குருவி இடும் நாலு முட்டையும் அப்படியே. கூடு என்று ஒன்றுமில்லை, தரையில் நாலு கல்லுக்கு நடுவே ஒரு குழி. ஆள் வந்தால் தூரத்திலேயே எழுந்து கத்தித் திசைதிருப்பும். மாடு மேய்ந்தபடி வந்தால் மிதிபடாமல் இருக்க எதிரே நின்று சிறகை விரிக்கும். ஆபத்து வேறென்றால் தந்திரமும் வேறு. சித்திரை வெயிலில் வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து முட்டையைக் குளிர வைக்கும். தாயும் தகப்பனும் மாறி மாறிச் செய்யும் வேலை இது. இப்படித் தரையில் கூடு வைக்கும் பறவைகளிடம் பொதுவாகக் காணப்படும் ஒன்று: முட்டை பொரிக்கும் நாள் நெருங்க நெருங்க ஆபத்தின் பக்கத்தில் துணிந்து நிற்பது கூடுகிறது. நேற்று இட்ட முட்டைக்காக உயிரைப் பணயம் வைப்பதில்லை. மூன்று வாரம் அடைகாத்த முட்டைக்கு வைக்கும். கடையம், பாபநாசம் பக்கத்து அடிவார ஊர்களில் குட்டியைச் சுமந்து வரும் கரடிக்கு எல்லோரும் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. தாய்க்கரடி ஓடுவதற்கு முன் மோதிவிடும்.

பெண்ணின் முடிவுகளில் ஆண் ஒரு ஆபத்தாகவும் நுழைகிறது. முண்டந்துறைச் சாலையில் கூட்டமாக உட்கார்ந்திருக்கும் சாம்பல் மந்திகளின் இனத்தில் பல கூட்டங்களுக்கு ஒரே ஆண் தலைவன். புதிய ஆண் வந்து பழையவனை விரட்டினால் பால்குடிக் குட்டிகளைக் கொல்வதுண்டு. குட்டி செத்தால் தாய் சீக்கிரம் மறுபடி சினைக்குத் தயாராகும் என்பது ஆணின் லாபம். 1960-களில் கர்நாடகத்தின் தார்வாடில் யுகிமாரு சுகியாமா இதைப் பதிவு செய்தார். 1970-களில் ராஜஸ்தானின் அபு மலையில் சாரா ஹர்டி பெண்கள் பக்கம் நின்று பார்த்தார். பெண்கள் சினையாக இருக்கும்போதுகூட வெளி ஆண்களோடு இணைசேர்ந்தன. குட்டி தன்னுடையதாக இருக்கலாம் என்று நினைக்க இடமுள்ள ஆண் அதைக் கொல்லத் தயங்கும் என்பது அவர் தந்த விளக்கம். பெண் பேசாமல் வாங்கிக்கொள்ளும் ஜீவன் என்று அதுவரை எழுதிவந்தவர்களுக்கு அது நல்ல அடி. எத்தியோப்பியாவின் ஜெலாடா குரங்கில் கணக்கு இன்னும் கடுமையானது. புதிய ஆண் கூட்டத்தைப் பிடித்ததும் சினைப் பெண்களில் ஏறக்குறைய 80 சதவீதத்துக்குக் கரு கலைந்துவிடுகிறது என்று 2012-ல் காட்டினார்கள். எப்படியும் கொல்லப்படப்போகும் குட்டிக்கு மேலும் சில மாதம் உடம்பைச் செலவிடாமல் நிறுத்திக்கொள்கிறது. இதை அந்தக் குரங்கு யோசித்துச் செய்யவில்லை, உடம்பு செய்கிறது. முடிவு என்ற சொல்லை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பதற்கு இதுதான் எல்லை என்பேன்.

கடைசியாக, தெரிந்துதான் செய்கிறதா என்று கேட்டீர்கள். இதற்கு மறுபடி கோழிதான் வருகிறது. 2011-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஜோன் எட்கர் குழு தாய்க்கோழியின் கண்முன்னே குஞ்சுகள்மேல் லேசாகக் காற்றை ஊதியது. தாயின் இதயத் துடிப்பு ஏறியது, கண்ணோரச் சூடு இறங்கியது, கோதுவதை நிறுத்திக் குஞ்சுகளைக் கூப்பிட்டது. குஞ்சு கத்தியதால் வந்த எதிர்வினையாக இருக்கலாமே என்று சந்தேகம் வரும். இரண்டு வருஷம் கழித்து அதையும் பிரித்துப் பார்த்தார்கள். எந்த நிறப் பெட்டியில் காற்று அடிக்கும் என்று தாய்க்குப் பழக்கினார்கள், குஞ்சுகளில் சிலவற்றுக்கு வேறு மாதிரிப் பழக்கினார்கள். குஞ்சுகள் கலவரப்படாமல் சும்மா நின்றபோதும், தனக்குத் தெரிந்த ஆபத்தான பெட்டிக்குள் அவை இருக்கக் கண்டால் தாய் பதறியது. குஞ்சின் சத்தத்தைவிடத் தன் சொந்த அறிவையே அது நம்பியது. புரோலாக்டின் அதை அக்கறைப்பட வைத்திருக்கலாம். எந்தப் பெட்டிக்கு அக்கறைப்பட வேண்டும் என்பதைக் கோழி தானே கற்றுக்கொண்டது.